தங்காள் தெளித்த நீர்: கொங்குப் படுகளமும் காயம் ஆற்றும் கலையும்

பெருந்துறை என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு மாணிக்கவாசகர் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். இக்கட்டுரையில் நாம் செல்லவிருப்பது அங்கன்று; ஈரோட்டிலிருந்து கோவை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த கொங்குநாட்டுப் பெருந்துறைக்கு. அகவை முதிர்ந்த கொங்கு மக்களிடம் இவ்வூரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'சானடோரியத்துக்கா?' என்று திருப்பிக் கேட்பார்கள். காசநோய் என்றாலே குடும்பம் நடுங்கிய நாட்களில், இவ்வூர்க் காற்றையும் மருத்துவத்தையும் நம்பி நோயாளிகளை இங்குக் கொண்டுவந்து சேர்த்தனர்.

உடலின் நோய்க்கு ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனை கட்டிவிடலாம். ஊரே சேர்ந்து பட்ட காயத்துக்கு என்ன செய்வது? ஒரு போர், ஒரு பழிக்கொலை, ஒரு கலவரம் ஆகியவை நிகழ்ந்து முடிந்த பிறகு, இறந்தவர்களைப் புதைத்துவிட்டு இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது? இக்கேள்விக்கு அரசுகளும் நீதிமன்றங்களும் தரும் விடைகள் ஒருபுறம் இருக்கட்டும். எழுத்தறியா எளிய மக்கள் தங்கள் பாட்டாலும் கூத்தாலும் தந்த விடை ஒன்று கொங்குநாட்டில் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் பெயர் படுகளம். அந்த விடை எவ்வளவு ஆழமானது, எங்கே குறைபட்டது என்பதை ஆராய்வதே எங்கள் நோக்கம்.

இருவகைக் கற்கள்

கொங்குநாடு குருதியை அறியாத நாடன்று. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், வடக்கே மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் மலைவழிகள், கிழக்கே காவிரிச் சமவெளி. இம்மூன்றுக்கும் நடுவே கிடந்த இந்நிலத்தின் மீது சேரர், கங்கர், சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மைசூரார் எனப் படைகள் மாறி மாறி நடந்தன. கும்பினியாரை எதிர்த்த தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தூக்கிலிடப்பட்ட வரை அந்த வரிசை நீண்டது. பெரும்போர்கள் ஓய்ந்த காலத்திலும் சிறு பூசல்கள் ஓயவில்லை. இந்நாட்டின் பழஞ்செல்வம் கால்நடை. ஆநிரை இருந்த இடத்தில் ஆநிரை கவர்வோரும் இருந்தனர். அவற்றை மீட்கச் சென்று மாண்டோரும் இருந்தனர்.

அவ்வாறு மாண்டவர்களுக்கு ஊரார் செய்த முதல் மரியாதை நடுகல். கல்லைத் தேர்ந்தெடுத்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என அச்சடங்கின் படிகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. இப்படிகளைச் சற்று நின்று கவனியுங்கள். இவற்றுள் ஒன்றுகூடத் தனியொருவர் செய்யத்தக்கதன்று. கல் கொணர ஆட்கள் வேண்டும். செதுக்கத் தச்சர் வேண்டும். படையலுக்கும் வாழ்த்துக்கும் ஊர் வேண்டும். ஓர் இறப்பைச் சுற்றி ஊர் முழுவதும் சில நாட்கள் கூடி உழைத்தது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இன்றும் வயல் வரப்புகளிலும் கோயில் வாசல்களிலும் நிற்கும் வீரக்கற்களும் புலிகுத்திக் கற்களும் அந்த உழைப்பின் எச்சங்கள்.

ஆயினும் நடுகல்லுக்கு ஓர் எல்லை உண்டு. அது இறந்தவனை நினைக்கச் சொல்கிறது. அவன் வீரத்தைப் போற்றச் சொல்கிறது. இருப்பவர் நெஞ்சில் எஞ்சிய சினத்தை என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. சில வேளைகளில் அச்சினத்தைத் தலைமுறை தாண்டிக் காத்துவைக்கும் பெட்டகமாகவும் அது மாறிவிடுகிறது.

பெருந்துறைக்கு மேற்கே, அதே வட்டத்தில் அடங்கிய விசயமங்கலத்தில் வேறுவகைக் கல் ஒன்று இருக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரோடு தொடர்புபடுத்தப்படும் ஊர் இது. இங்குள்ள சமணக் கோயிலின் கல்வெட்டு, சாமுண்டராயரின் தங்கை புளியப்பை நோன்பிருந்து உயிர்நீத்ததைப் பதிவுசெய்கிறது. இதனை நிசீதிகை என்பர். போரில் வீழ்ந்தவனுக்கு வீரக்கல். உண்ணாநோன்பால் உடலைத் துறந்தவருக்கு நிசீதிகை.

யார் இந்தச் சாமுண்டராயர்? பத்தாம் நூற்றாண்டில் கங்க அரசர்களுக்கு அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்தவர். 'சமர பரசுராமன்' என்பது அவர் பெற்ற பட்டங்களுள் ஒன்று. அந்தப் படைத்தலைவர்தாம் சரவணபெளகுளத்தில் பாகுபலியின் மாபெரும் திருவுருவை எடுப்பித்தவர். 981 என்பது பெரும்பாலோர் ஏற்கும் ஆண்டு. பாகுபலியின் கதையை நண்பர்கள் அறிவார்கள். அண்ணன் பரதனோடு நாட்டுக்காகப் பகை மூண்டபோது, படைகள் அழிய வேண்டா என்று சகோதரர் இருவரும் தனித்துப் பொருதனர். வெல்லும் தறுவாயில் பாகுபலி கையைத் தாழ்த்தினான். நாட்டையும் துறந்து நின்றான். வாழ்நாளெல்லாம் போர் புரிந்த ஒருவர், வெற்றியை வேண்டாமென்றவனுக்குச் சிலை எடுத்தார். அவருடைய தங்கை ஓருயிருக்கும் தீங்கு நினையாத நோன்பில் கொங்கு மண்ணில் கண்மூடினார்.

அண்ணன்மார் வாளேந்துகிறார்கள், தங்கை வேறொன்றைச் செய்கிறாள். இதனை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். எழுத்தறிந்தோர் கல்லில் பொறித்த இக்குடும்பச் செய்திக்கும் எழுதாக் கிளவியாய் மக்கள் பாடிய பெருங்கதைக்கும் நேர்த்தொடர்பு இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அக்கதையிலும் இறுதிச் சொல் தங்கையினுடையதே!

அண்ணன்மார் கதை

கொங்குநாட்டார் தங்கள் காவியம் என்று கொண்டாடுவது அண்ணன்மார் சுவாமி கதை. குன்னுடையான் கதை, பொன்னர் சங்கர் கதை என்பனவும் அதன் பெயர்களே. உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவது மரபு. கவிஞர் சக்திக்கனல் ஏட்டுப்பிரதி வழி இதனைப் பதிப்பித்தார். 1965ஆம் ஆண்டு, காங்கயம் அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வுசெய்துகொண்டிருந்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர், இராமசாமி என்னும் பாடகர் பல இரவுகள் பாடியதை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அப்பதிவு தமிழும் ஆங்கிலமுமாக இரு தொகுதிகளில் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. காங்கயம் பெருந்துறைக்குத் தெற்கே அடுத்த பெரிய ஊர். ஆகவே இது எங்கோ நடந்த ஆய்வன்று. நம் வாசலில் ஒலித்த உடுக்கையின் பதிவு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பாடகருக்குப் பாடகர் சிறு மாற்றங்கள் உண்டு. காடு திருத்தி உழவு செய்யும் குடும்பம் ஒன்று வளநாட்டில் வேரூன்றுகிறது. குன்னுடையானுக்கும் தாமரைக்கும் நெடுந்தவத்தின் பயனாகப் பொன்னர், சங்கர் என்ற இரட்டையரும் தங்காள் என்ற பெண்ணும் பிறக்கின்றனர். உழவர் நிலத்தை ஒட்டி வீரமலைக் காடு, அங்கே வேட்டுவர். பங்காளிப் பகையும் எல்லைப் பகையும் வளர்கின்றன. தங்காள் வீரமலைக் கிளிகளுக்கு ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் பக்கத்தார் சென்று பிடித்துவரும்போது இணைக்கிளிகளுள் ஒன்று மட்டுமே அகப்படுகிறது. பிரிந்த கிளியின் துயர் வேட்டுவர் தங்கை வீரத்தங்காளின் செவிக்கு எட்டுகிறது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி ஏவப்பட்டு வயல்கள் அழிகின்றன. வேட்டை, போர், மாயவன் சூழ்ச்சி. முடிவில் சங்கர் தன் வாளிலேயே விழுந்து மாள்கிறான். தம்பியைக் கண்ட பொன்னரும் அவ்வாறே மாள்கிறான்.

உலகின் பல வீரகாவியங்கள் இவ்விடத்தில் முடிந்துவிடும். அல்லது பழிவாங்கும் படலம் தொடங்கும். அண்ணன்மார் கதையில் இங்கேதான் தங்காள் புறப்படுகிறாள். அரண்மனையை எரித்துவிட்டு, காடெங்கும் அழுதுகொண்டே அலைகிறாள். பெரியகாண்டியம்மன் துணையால் படுகளத்தை அடைந்து, நீர் தெளித்து அண்ணன்மாரை எழுப்புகிறாள். அவர்கள் எழுகிறார்கள். எழுந்தவர்கள் வாளைத் தேடவில்லை, பகைவரைத் தேடவில்லை. தங்கையோடு சிறிது நேரம் பேசுகிறார்கள். எங்கள் காலம் முடிந்தது என்று விடைபெற்று மீண்டும் சாய்கிறார்கள். அவ்வளவுதான்! அந்தச் சிறிது நேரப் பேச்சுக்காகவே இத்தனை இரவுகளும் உடுக்கை ஒலித்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வன்முறையால் பறிக்கப்பட்ட உயிருக்கு விடைபெறும் வாய்ப்பு இருப்பதில்லை. இருப்பவர் நெஞ்சில் ஆறாது கிடப்பது பெரும்பாலும் அந்தச் சொல்லப்படாத விடைதான்.

படுகளம் சாய்தலும் எழுப்புதலும்

இக்கதை பாட்டோடு நிற்பதில்லை. திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கரூர், நாமக்கல், ஈரோடு வட்டாரச் சிற்றூர்களில் கதைப்பாட்டின் நிறைவிலும் படுகளம் நிகழ்கிறது. காங்கயம் சாலையில் ஒரு சிற்றூரில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

நள்ளிரவு தாண்டியிருந்தது. பாடகர் போர்ப் பகுதியை முடுக்கிப் பாடிக்கொண்டிருந்தார். உடுக்கையின் கதி ஏற ஏற, கூட்டத்தில் நின்ற ஆண்கள் சிலர் உடல் நடுங்கத் தொடங்கியது. ஒருவர், பிறகு இருவர், பிறகு ஐவர் எனத் தரையில் சாய்ந்தனர். ஊர்க்காரர்கள் பரபரப்பின்றி வந்து அவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் போர்த்தினர். உடுக்கை நின்றது. ஒலிபெருக்கி நின்றது. அதன்பின் வந்த அமைதியை எழுத்தில் கொண்டுவர எங்களால் இயலாது. போர்த்திய உடல்களின் தலைமாட்டில் அவரவர் வீட்டுப் பெண்கள் அமர்ந்தனர். ஒரு மூதாட்டி ஒப்பாரியைத் தொடங்கினார். அது கதையின் அண்ணன்மாருக்கான ஒப்பாரிதான். ஆனால் சிறிது நேரத்தில் அதில் வேறு பெயர்கள் கலந்தன. கிணற்றில் விழுந்த மகன், சாலையில் அடிபட்ட மருமகன், வெளியே சொல்லப்படாத சாவுகள்… 'இவங்கெல்லாம் சாமிக்குத்தான் அழுவறாங்களா?' என்று நண்பர் ஒருவர் அருகிலிருந்த பெரியவரிடம் மெல்லக் கேட்டார். 'சாமிய சாக்கா வெச்சு அழுவறதுங்க' என்றார் அவர்.

சடங்கியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஒன்றைப் பெரியவர் நான்கு சொற்களில் சொல்லிவிட்டார்! அவ்வூரில் ஓர் ஆண் பொதுவில் அழுவது இழுக்கு. ஒரு பெண் நினைத்த நேரத்தில் பழைய சாவைச் சொல்லி அழுதால், 'இன்னுமா?' என்பார்கள். படுகளம் அவ்விருவருக்கும் ஆண்டில் ஓரிரவை ஒதுக்கித் தருகிறது. இங்கே அழுகை தனியொருவரின் பலவீனமாக இல்லை. ஊர் செய்ய வேண்டிய கடமையாக ஆகிவிடுகிறது.

விடியலில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தங்காளாக அழைத்துவரப்பட்டாள். கையில் தீர்த்தச் செம்பு. ஒவ்வொருவர் மீதும் நீர் தெளிக்க, ஒவ்வொருவராக எழுந்தனர். எழுந்த ஒருவரை அவர் மனைவி பற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்தபோது, இரவு முழுவதும் அவர் உண்மையாகவே அஞ்சியிருந்தார் என்பது புரிந்தது. நாடகம் என்று தெரிந்தும் அஞ்சினார். நாடகம் என்று தெரிந்தும் மகிழ்ந்தார்.

வட தமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களிலும் படுகளம் உண்டு என்பதை நண்பர்கள் அறிவார்கள். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மாபெரும் உருவாகக் கிடப்பான். பாஞ்சாலி சபதம் நிறைவேறிக் கூந்தல் முடிவாள். அதன் அழுத்தம் நீதி நிறைவேறுவதில். கொங்குப் படுகளத்தின் அழுத்தம் வீழ்ந்தவர் எழுவதில். இரண்டுமே மனித மனத்துக்குத் தேவையானவை. நீதி கிடைக்காதவரிடம் ஆறுதல் மட்டும் பேசுவது ஏமாற்று. நீதி கிடைத்த பின்னும் ஆறுதல் இல்லையேல் அவ்வெற்றி வெறுமை.

வீரத்தங்காளுக்கு ஒரு செம்பு நீர்

இவ்வளவு போற்றிய பின், எங்களை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

வேட்டுவர் பக்கமும் ஒரு தங்கை இருந்தாள் என்றோம். அவளுடைய அண்ணன்மாரும் மாண்டனர். நாங்கள் படித்த வடிவங்களிலும் கேட்ட பாட்டுகளிலும் அவர்களை எழுப்பச் செம்பேந்தி வருபவர் எவருமில்லை. இக்கதையை உழுகுடிக்கும் வேட்டைக்குடிக்கும் இடையே காடு குறித்து நடந்த நெடும்பகையின் நினைவாக ஆய்வாளர்கள் வாசிக்கின்றனர். காடு தோட்டமாக மாறியதில் ஒருவருக்கு வளம், மற்றவருக்கு இழப்பு. அவ்விரு மரபினரும் இன்றும் இதே மண்ணில் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். ஒரு சாராரை மட்டும் எழுப்பும் நீர், மறுசாராருக்கு எப்படி இனிக்கும்?

அண்ணன்மாரின் உற்ற துணைவனான சாம்புவனையும் எண்ணிப் பாருங்கள். பறையர் குலத்தவனாகக் கதை சொல்லும் அவன், போர்க்களம் வரை உடன் நிற்கிறான். கோயில்களில் காவல் தெய்வமாக அவனுக்கு இடமும் உண்டு. ஆயினும் கதை நெடுகிலும் அவன் ஏவலாளே. அவன் இன்பதுன்பங்களுக்கென ஓரிரவு ஒதுக்கப்படவில்லை.

பழங்கதை அக்காலச் சமூகத்தின் கண்ணாடி, அதைக் குறை சொல்லலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இக்கதை பழங்கதையாக மட்டும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் கலைஞர் மு. கருணாநிதி இதனைப் 'பொன்னர் சங்கர்' என நாவலாக்கினார். 2011இல் அது திரைப்படமாயிற்று. இன்று பதாகைகளில் காணப்படும் அண்ணன்மார் குதிரை மீது வாளுயர்த்திய கோலத்திலேயே இருக்கின்றனர். படுகளத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கும் கோலம் பதாகைக்கு வருவதில்லை. செம்பேந்திய தங்காளும் வருவதில்லை. பெருமைக்கு வாள் போதும். காயம் ஆற்றுவதற்குத்தான் நீர் வேண்டும். கதையின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இறுதி இரவை விட்டுவிட்டால், மிஞ்சுவது மருந்தன்று, புண்ணே.

ஈழத்தார் கற்றுத் தந்தவை

மரபுக்கலையைக் காயம் ஆற்றவும் பயன்படுத்தி, அதே வேளை அதன் குறைகளையும் களைய முடியுமா? முடியும் என்பதற்கான சான்றுகள் கடலுக்கு அப்பால் உள்ளன. நம் காலத்தில் தமிழர் கண்ட மிகப்பெரும் அழிவைச் சந்தித்த ஈழத்தில், கலைஞர்களும் மருத்துவர்களும் இக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டனர்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதர் மனத்தில் விட்ட வடுக்களைக் குறித்து 1998இல் நூலொன்று எழுதினார். பின்னர் அவர் வலியுறுத்திய கருத்து நமக்கு முக்கியமானது. போர் தனித்தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பம், அயல், நம்பிக்கை என்ற பிணைப்புகளையே அறுக்கிறது. ஆகவே மருந்தும் சமூகம் முழுமைக்குமாக இருக்க வேண்டும். சடங்கும் ஒப்பாரியும் கலையும் அம்மருந்தின் பகுதிகள். காங்கயம் சாலைப் பெரியவர் சொன்னதும் இதுவேயன்றோ?

அரங்கத்துறையில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் அரங்கேறிப் பல ஊர்களுக்குச் சென்றது. 1991இல் சண்முகலிங்கம் எழுதிய 'அன்னை இட்ட தீ', போர் மனத்தில் மூட்டிய தீயையே பொருளாகக் கொண்டது. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு மேடை, பார்வையாளர் என்ற பிரிவையே விலக்கிவிட்டு, மக்களை வட்டமாக அமரச் செய்து, ஆடியும் பாடியும் தத்தம் அனுபவங்களைச் சொல்ல வைத்தது. இராணுவச் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாய்மூடி வாழ்ந்தவர்கள் பேசத் தொடங்கினர்.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இன்னொரு சான்று. கனடாக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானோர். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து சிறுவர்களை ஒன்றாக அழைத்துவந்து களிமண், வண்ணம், கதை, பாட்டு ஆகியவற்றோடு விளையாட விட்டார்கள். சமாதானம் பற்றி அங்கே பாடம் நடத்தவில்லை. அடுத்த ஊர்ப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு மண்யானை செய்வதே பாடம்!

எங்கள் கேள்விக்கு நேர்விடை தருவது சீலாமுனை. மட்டக்களப்பை ஒட்டிய இச்சிற்றூரில், சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் ஊர்க் கூத்தர்களோடு சேர்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்ற பணியை 2000களின் தொடக்கத்தில் மேற்கொண்டனர். வெளியிலிருந்து நவீன நாடகக்காரர்கள் வந்து கூத்தைத் திருத்திக் கொடுத்த முயற்சியன்று இது. ஆண்டாண்டாய் ஆடிய அண்ணாவிமாரும் ஊராரும் ஒன்றாக அமர்ந்து, பாட்டு பாட்டாகப் பிரதியைப் பேசினர். போரைக் கொண்டாடும் இடம் இப்படியே இருக்க வேண்டுமா? பெண்ணை இழிவுசெய்யும் வரி வேண்டுமா? சாதி சொல்லும் சொல் வேண்டுமா? ஆட்டமும் தாளமும் கட்டும் மாறவில்லை. கதையின் மனம் மாறியது. அதைவிடப் பெரிதாக, அப்படிப் பேசியதால் ஊரும் மாறியது. தெற்கே பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய மக்கள் களரி, சிங்கள இளைஞரையும் தமிழ் இளைஞரையும் ஒரே கூடாரத்தில் தங்கவைத்து, இருமொழியிலும் நடிக்கவைத்து ஊர்ஊராக அழைத்துச் சென்றது.

இவை போரை நிறுத்திவிட்டனவா? இல்லை. 2009 முள்ளிவாய்க்கால் நம் கண்முன் நிற்கிறது. கலை பீரங்கியைத் தடுக்காது. ஆனால் பீரங்கி ஓய்ந்த பிறகு மனிதர் மீண்டும் மனிதராக எழ வேண்டுமானால், எழுப்பும் கை ஒன்று வேண்டும். அந்தக் கையை அதற்கு முன்பே பழக்கி வைத்திருக்க வேண்டும்.

இன்றைய கொங்கின் படுகளங்கள்

மீண்டும் நம் மண்ணுக்கு வருவோம். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து மூண்ட வன்முறையில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இருபக்க இறப்புகளுக்கும் சேர்த்து அழுபவரைக் காண்பது அரிது. ஒவ்வொரு பக்கமும் தன் அண்ணன்மாரை மட்டும் நினைக்கிறது. படுகளம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

2016 மார்ச் 13 அன்று, சாதி மறுத்து மணம்புரிந்த சங்கர் என்ற இளைஞர், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யா படுகாயமுற்று உயிர் தப்பினார். கதையில் வரும் சங்கரின் பெயரே இவருக்கும்! அந்தச் சங்கருக்காக ஊர்ஊராக அழும் கொங்குநாடு, இந்தச் சங்கருக்காக எத்தனை ஊரில் அழுதது?

கௌசல்யா பின்னர் பறையிசை கற்றார், பொதுமேடைகளில் அதனை முழக்கினார், சாதியொழிப்பைப் பேசினார். சாவுக்கு அடிக்கும் இழிந்த கருவி என்று ஒதுக்கப்பட்ட பறையை, தன் இழப்பைச் சொல்லும் குரலாக ஒரு கொங்குப் பெண் கையிலெடுத்தார். எங்களைப் பொறுத்தவரை அக்காட்சி அண்ணன்மார் கதைக்கு எழுதப்படாதிருந்த ஒரு படலம். சாம்புவனின் பறை, வீழ்ந்த சங்கர், அழுது அலைந்து எழுந்து நிற்கும் பெண் ஆகிய மூன்றும் அதில் ஒன்றுசேர்ந்தன. ஆனால் அவரைச் சூழ்ந்து அமர்ந்திருக்க வேண்டிய ஊர் அங்கே முழுதாக இல்லை. ஒருவர் தனித்துச் செய்வது போராட்டம். ஊர் சேர்ந்து செய்யும்போதுதான் அது படுகளமாகிறது, காயம் ஆறத் தொடங்குகிறது.

சீலாமுனைக் கூத்தர்கள் செய்ததைக் கொங்கு உடுக்கைப் பாடகர்களும் ஊர்ப் பெரியவர்களும் செய்ய முடியாதா? கதையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. தங்காள் கையிலுள்ள செம்பில் நீர் தீர்ந்துவிடவில்லையே! அண்ணன்மார்மீது தெளித்த பிறகு, வீரமலைப் பக்கமும் நாலடி நடந்து வீரத்தங்காளின் அண்ணன்மார்மீதும் தெளித்தால் என்ன? கதை சொல்லும் மரபு என்றும் ஒரே வடிவில் உறைந்து கிடந்ததில்லை. பாடகருக்குப் பாடகர் மாறித்தான் வந்திருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைத் தாங்கும் வலு அதற்கு உண்டு என்றே நம்புகிறோம்.

இறுதியாக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொங்குநாட்டுச் சிற்றூர்களில் அண்ணன்மார் கதை நடக்கும் காலத்தில் அவசியம் செல்லுங்கள். வெளியூர்க்காரர் பலர், ஆட்கள் சாய்வதைப் பார்த்ததும் 'அவ்வளவுதான்' என்று எண்ணி நள்ளிரவிலேயே வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். நாங்களும் முதல்முறை அப்படித்தான் திரும்பிவிட்டோம். பார்த்தது பாதிக்கதை என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. போர்வை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலைப் பனி கடுமையாக இருக்கும். சிறுமி செம்போடு வரும் வரை இருங்கள்.